ஜோன் ஜெட்: தனித்து நின்றவரா, பெரிய கம்பெனி லாரியில் போனவரா?

பழையதட்டு:
பெண் ராக் கலைஞர்கள் பற்றிய பட்டியல் எதை எடுத்தாலும் அமெரிக்கப் பாடகி, கிடார் கலைஞர் ஜோன் ஜெட் பெயருக்குப் பக்கத்தில் 'சுயாதீனக் கலைஞர்' என்று போட்டுவிடுகிறார்கள். இசைத்தட்டு உறைகளின் பின்பக்கத்தில் எந்தக் கம்பெனி பெயர் இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பேசுவோம். 1976-ல் ரன்அவேஸ் என்ற பெண்கள் ராக் குழுவோடு மெர்குரி. 1981-ல் போர்டுவாக். 1983, 84-ல் எம்.சி.ஏ. 1986, 88-ல் சி.பி.எஸ். குடும்பம். 1994-ல் வார்னர். ஜெட்டின் சொந்த பிளாக்ஹார்ட் லேபிள் (தட்டு வெளியிடும் நிறுவனம்) மட்டும் தனியாக நின்றது 1980-ன் முதல் பதிப்பிலும், 2006-ல் வந்த 'சின்னர்' ஆல்பத்துக்குப் பிறகும்தான். நடுவில் பல வருடம் பெரிய கம்பெனிகளின் லாரியில்தான் தட்டு கடைக்குப் போனது. அனி டிஃப்ராங்கோ 1990-ல் பஃபலோ நகரத்தில் தொடங்கிய ரைட்டியஸ் பேப் லேபிளில்தான் இன்றுவரை வெளியிடுகிறார். சுயாதீனம் என்ற சொல் அவருக்குப் பொருந்தும். ஜெட்டுக்குப் பொருந்தாது என்பது என் கருத்து. அவர் பாட்டு எனக்கு உயிர், அது வேறு விஷயம்.

கம்பிமீட்டி:
லாரி யாருடையது என்பதையும் சரக்கு யாருடையது என்பதையும் நீங்கள் ஒன்றாக்கிவிட்டீர்கள். உறையின் பின்பக்கத்தை இன்னொரு முறை பாருங்கள். எம்.சி.ஏ. முத்திரைக்கும் சி.பி.எஸ். முத்திரைக்கும் பக்கத்திலேயே பிளாக்ஹார்ட் இதய முத்திரையும் இருக்கும். மெர்குரி காலத்து ரன்அவேஸ் தட்டுகளில் அப்படி எதுவும் கிடையாது.

1979 ஏப்ரலில் ரன்அவேஸ் கலைந்தபோது ஜெட்டுக்கு இருபது வயது. தயாரிப்பாளர் கென்னி லகுனாவோடு சேர்ந்து, தி ஹூ குழுவின் ராம்போர்ட் ஸ்டூடியோவில் கடன் சொல்லி முதல் ஆல்பத்தைப் பதிவு செய்தார். ஐரோப்பாவில் அது 1980-ல் வெளிவந்தது. அமெரிக்காவில் 23 கம்பெனிகள் வேண்டாம் என்றன. பின்னாளில் பெரிய வெற்றி பெற்ற சில பாடல்கள் அந்த டேப்பிலேயே இருந்ததாக இருவரும் சொல்லியிருக்கிறார்கள். அதன் பிறகுதான் லகுனாவின் சேமிப்பில் கைவைத்துத் தட்டு அச்சடித்தார்கள். கச்சேரி முடிந்ததும் அவருடைய கெடிலாக் காரின் டிக்கியைத் திறந்து விற்றார்கள். பிளாக்ஹார்ட் பிறந்தது அப்படித்தான்.

அதோடு நிற்காமல் ஏன் போர்டுவாக்குக்குப் போனார்கள்? சிறிய லேபிளைத் தோல்வியைவிட வெற்றிதான் சீக்கிரம் கொல்லும். உதாரணக் கணக்காக, தட்டும் உறையுமாக ஒன்றுக்கு ஒரு டாலர் அடக்கவிலை என்று வையுங்கள். கடைகள் ஒரு லட்சம் தட்டு கேட்டால், அச்சகத்துக்கு ஒரு லட்சம் டாலரை முன்பணமாகக் கட்ட வேண்டும். விநியோகஸ்தர் மூன்று நான்கு மாதம் கழித்துத்தான் பணம் தருவார். விற்காததைத் திருப்பி அனுப்பும் உரிமையும் அவருக்கு உண்டு. அந்தப் பணம் வருவதற்குள் கடை இரண்டாவது லட்சத்தைக் கேட்கும். அச்சடிக்கக் காசில்லை என்றால் வானொலியில் பாட்டு ஓடும், கடையில் தட்டு இருக்காது. ஆறு வாரத்தில் கதை முடிந்துவிடும்.

போர்டுவாக்கின் நீல் போகார்ட் அந்த முன்பணச் சுமையை எடுத்துக்கொண்டார். அதே ஆல்பம் 1981 ஜனவரியில் 'பேட் ரெப்யூட்டேஷன்' என்ற பெயரில் மறுபடி வந்தது. அவர் வாங்கிக்கொண்டது விநியோக வேலையை. ஜெட்டின் குரலையும் கிடாரையும் யாரும் அவரிடம் எழுதிக் கொடுத்துவிடவில்லை.

பழையதட்டு:
முன்பணச் சிக்கலை நன்றாகச் சொன்னீர்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் பணம் எந்த வழியில் வந்தது என்று பாருங்கள்.

'ஐ லவ் ராக் அண்ட் ரோல்' 1982 மார்ச் 20 அன்று அமெரிக்காவின் பில்போர்டு தரவரிசையில் முதலிடம் பிடித்து ஏழு வாரம் அங்கேயே இருந்தது. அது ஜெட் எழுதிய பாட்டு இல்லை. ஆரோஸ் குழுவின் ஆலன் மெரிலும் ஜேக் ஹூக்கரும் எழுதி 1975-ல் வெளியிட்டது. அடுத்து ஏழாம் இடம் வரை ஏறிய 'கிரிம்சன் அண்ட் குளோவர்' டாமி ஜேம்ஸ் குழுவின் 1968 பாட்டு. அமெரிக்காவில் ஏ.எம்., எஃப்.எம். வானொலி பாட்டை எழுதியவருக்குத்தான் ராயல்டி கட்டும். பாடியவருக்கும் பதிவின் சொந்தக்காரருக்கும் ஒரு சென்ட்கூடக் கட்டாது. ஏழு வாரம் நாடு முழுக்க அலறிய பாட்டுக்கு வானொலியிலிருந்து ஜெட் வீட்டுக்கு வந்த தொகை பூஜ்யம்.

தட்டு விற்பனைக்கு வருவோம். அப்போது எல்.பி. ஒன்றின் பட்டியல் விலை 8.98 டாலர். புதுக் கலைஞருக்கு வழக்கமாகக் கிடைக்கும் ஒப்பந்தப்படி பார்த்தால், உறைச் செலவென்று 10 சதவீதம் கழித்தால் 8.08. அதில் 10 சதவீத ராயல்டி 81 சென்ட். உடைந்த தட்டுக்கென்று பழங்காலத்திலிருந்தே வரும் இன்னொரு 10 சதவீதக் கழிவும் போக 73 சென்ட் மிஞ்சும். தயாரிப்பாளர் பங்கும் ஸ்டூடியோ செலவும் அதிலிருந்துதான் போகும்.

மற்றவர் பாட்டைப் பாடினால் இன்னொரு இடியும் உண்டு. சொந்தப் பாட்டாக இருந்தால், பாட்டை எழுதியவருக்கு விற்கும் தட்டுக்குச் சட்டப்படி சேரும் தொகையில் முக்கால்வாசிதான் தருவேன் என்று கம்பெனி ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளலாம். அடுத்தவர் பாட்டுக்கு அந்தத் தள்ளுபடி செல்லாது. 1981 கணக்கில் பாட்டு ஒன்றுக்குப் பிரதிக்கு முழு 4 சென்ட் கொடுத்தாக வேண்டும். முக்கால் கணக்குக்கு மேல் போகிற அந்த மிச்சத்தைப் பல ஒப்பந்தங்களில் பாடுகிறவர் பங்கிலேயே பிடித்துக்கொள்வார்கள். அடுத்தவர் பாட்டை, அடுத்தவர் விநியோகத்தில் விற்பவரை எந்த அளவுகோலால் சுயாதீனர் என்கிறீர்கள்?

கம்பிமீட்டி:
அந்த 73 சென்ட் கணக்கு, கம்பெனியின் சம்பளப் பட்டியலில் இருக்கும் பாடகருக்கான கணக்கு. பதிவை முடித்து, மாஸ்டர் டேப்பை, அதாவது மூலப் பதிவை, தன் கையில் வைத்துக்கொண்டு, சில வருடங்களுக்கு மட்டும் வெளியிடும் உரிமையைக் கொடுக்கிறவருக்கு அதைப் போட முடியாது. அவருக்கு விழுக்காடு கூடும். அதைவிட முக்கியம், காலம் முடிந்தால் டேப் வீட்டுக்குத் திரும்பும். போகார்ட் 1982 மே மாதம் இறந்தார், கொஞ்ச காலத்தில் போர்டுவாக் திவாலானது. திவாலாகும் கம்பெனியின் சொத்துப் பட்டியலில் மாஸ்டர்களும் சேர்ந்தே ஏலம் போவதுதான் வழக்கம். ஜெட்டின் அடுத்த ஆல்பம் 1983-லேயே பிளாக்ஹார்ட் முத்திரையோடு எம்.சி.ஏ. வழியாக வெளிவந்தது. பழைய ஆல்பங்களையும் பிளாக்ஹார்டே மறுபதிப்பு போட்டது. கம்பெனி செத்தும் பாட்டு அனாதையாகவில்லை.

வானொலி பற்றி நீங்கள் சொன்னது சரி. அதனால்தான் திரைக்கும் தொலைக்காட்சிக்கும் கொடுக்கும் உரிமம் பெரிதாகிறது. ஒரு தொடரின் தொடக்கத்தில் பாட்டைப் போட வேண்டுமானால் இரண்டு கையெழுத்து தேவை. பாட்டை எழுதியவர் தரப்பிடம் ஒன்று, பதிவின் சொந்தக்காரரிடம் ஒன்று. 'பேட் ரெப்யூட்டேஷன்' பாட்டை ஜெட்டும் லகுனாவும் ரிட்சி கார்டெல், மார்ட்டி ஜோ கூப்பர்ஸ்மித் இருவரோடு சேர்ந்து எழுதினார்கள். பதிவு பிளாக்ஹார்டுடையது. 1999-ல் 'ஃப்ரீக்ஸ் அண்ட் கீக்ஸ்' தொடர் அதை முகப்புப் பாட்டாக வைத்தபோது இரண்டு கையெழுத்திலும் ஜெட் தரப்புக்குப் பங்கு இருந்தது.

பழையதட்டு:
தொலைக்காட்சியை எடுத்தீர்களே, அதிலேயே எனக்கும் ஒரு சாட்சி இருக்கிறது. 2006-லிருந்து, நடுவில் 2016 முதல் 2018 வரை தவிர, ஞாயிறு இரவு அமெரிக்கக் கால்பந்து ஒளிபரப்புக்கு வரும் முகப்புப் பாட்டின் மெட்டு ஜெட்டின் 1988 பாட்டான 'ஐ ஹேட் மைசெல்ஃப் ஃபார் லவ்விங் யூ'. சொற்களை மாற்றி முதலில் பிங்க் பாடினார், பிறகு ஃபெயித் ஹில், பிறகு கேரி அண்டர்வுட். அங்கே ஜெட்டின் மாஸ்டர் டேப்புக்கு வேலையே இல்லை. பணம் வருவது பாட்டை எழுதியதற்கு, டெஸ்மண்ட் சைல்டோடு சேர்ந்து எழுதியதற்கு. மாஸ்டர் கையில் இருப்பதுதான் எல்லாம் என்று இளம் குழுக்களுக்குச் சொல்லித் தராதீர்கள். எழுதாதவருக்குப் பாதி கதவு மூடித்தான் இருக்கும்.

கம்பிமீட்டி:
இதை ஒத்துக்கொள்கிறேன். எழுத்துரிமையை நான் குறைத்துத்தான் பேசிவிட்டேன். மாஸ்டர் விஷயத்தில் மட்டும் பின்வாங்கவில்லை.

கீழ்வீச்சு:
காசுக் கதையே கதைச்சுக்கொண்டு இருக்கிறியள், ஆள் கிற்றார் வாசிக்கிறவ எண்டதையே மறந்துபோனியள். 'மூண்டு கோர்ட்ஸ் வாசிக்கிறவ' எண்டு அவவைத் தள்ளிவிடுறவைக்கு ஒண்டு சொல்லுறன். 'ஐ லவ் ராக் அண்ட் ரோல்' ஈ, ஏ, பி எண்ட மூண்டு கோர்ட், மூண்டு சுரக்கூட்டுத்தான். வேகமும் நிமிசத்துக்குச் சுமார் 94 அடிதான். பழகத் தொடங்கின பிள்ளையும் அரை மணித்தியாலத்தில விரல் வைச்சிடும். ஆனா அந்தக் கனம் வராது. ஏன் வராது? இடைவெளியில கம்பியை அடக்கிறதில்லை. ஈ கோர்ட்டை அடிச்சு, அடுத்த அடிக்கு முன்னம் வலது உள்ளங்கையின்ர ஓரத்தாலயும் இடது கை விரலைத் தளர்த்தியும் சத்தத்தை வெட்ட வேணும். அந்த அமைதிக்குள்ளதான் ட்ரம் விழும். டிஸ்டோர்ஷனை, அந்தக் கரகரப்பைக் கூட்டினா வெட்டுறது இன்னும் கஷ்டம், கம்பி தானாகவே முனகும். பாட்டின்ர கடைசிப் பக்கம் கிற்றார் முழுக்க நிண்டு கைதட்டும் ட்ரம்மும் குரலும் மட்டும் வருகிற இடத்தைக் கேளுங்கோ. எங்க வாசிக்கக் கூடாது எண்டு தெரிஞ்ச ஆளாலதான் அப்படி நிக்க ஏலும்.

பழையதட்டு:
அந்தக் கைதட்டல் கட்டுமானத்தில் லகுனாவுக்கும் கார்டெலுக்கும் பெரிய பங்கு உண்டு, தம்பி. இருவரும் அறுபதுகளின் பபிள்கம் பாப் எனும் எளிய துள்ளலிசையில் ஊறியவர்கள். கார்டெல் 'மோனி மோனி' பாட்டை எழுதிய கூட்டணியில் இருந்தவர். தனித்து ஒலிக்கும் லீட் வாசிப்பை ரிக்கி பர்ட் போன்றவர்களிடம் விட்டுவிட்டார் ஜெட். தாளத்துக்குக் கோர்ட் அடிக்கும் நல்ல ரிதம் வாசிப்பாளர், மறுக்க மாட்டேன். அந்த ஒலியைத் தனியொருவர் சாதனையாக எழுதுவதைத்தான் மறுக்கிறேன்.

ஈயப்பற்று:
ஒலி என்று வந்துவிட்டதால் கிடாரைப் பிரித்துப் பார்த்துவிடலாம். ரன்அவேஸ் காலத்தில் அவர் தோளில் தொங்கியது லெஸ் பால். நாலு கிலோவைத் தாண்டும் மரம். மேடையில் ஒன்றரை மணி நேரம் ஓடிக்கொண்டே வாசிக்கிறவருக்குத் தோள் போய்விடும். பிறகு வாங்கியது வெள்ளை கிப்சன் மெலடி மேக்கர், ராஸ்பெரிஸ் குழுவின் எரிக் கார்மன் வைத்திருந்தது. மாணவர்களுக்கென்று கிப்சன் மலிவாகச் செய்த மாடல் அது. சுமார் 35 மி.மீ. தடிமனில் ஒரே மஹாகனிப் பலகை, வளைவும் ஓரப்பட்டையும் கிடையாது. எடை மூன்று கிலோவுக்குள் அடங்கும்.

கம்பெனியிலிருந்து வரும்போது அதில் கம்பியின் அதிர்வை மின்னலையாக்கும் பிக்கப், ஒற்றைச் சுருள் கொண்ட ஒடுங்கிய சிங்கிள் காயில் வகைதான் இருக்கும். ஒலி மெலிசு, மேடை விளக்குகளுக்குப் பக்கத்தில் போனால் இரையும். ஜெட்டின் கிடாரில் ரெட் ரோட்ஸ் கையால் சுற்றிய வெல்வெட் ஹாம்மர் ஹம்பக்கர், அதாவது இரைச்சலை அடக்கும் இரட்டைச் சுருள் பிக்கப், ஏறியது. 2008-ல் கிப்சன் அவர் பெயரில் வெளியிட்ட மாடலிலும் பிரிட்ஜ் பக்கம் ஒரே ஒரு ஹம்பக்கர்தான்.

பழைய மெலடி மேக்கரில் இதைச் செய்யப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது: பழைய பள்ளம் ஹம்பக்கருக்குப் போதாது, நீளத்திலும் அகலத்திலும் உளியால் எடுக்க வேண்டும். பலகை மெலிது, ஆகவே பிக்கப்பின் கால் இறங்கும் இரண்டு ஓரத்தில் மட்டும் ஆழம் கூட்டுங்கள். முழுப் பள்ளத்தையும் ஒரே ஆழத்துக்குத் தோண்டினால் அடியில் மரமே மிஞ்சாது. வால்யூமுக்கு 500 கே (கிலோ ஓம்) பாட், அதாவது ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகு, போடுங்கள். 250 கே போட்டால் ஹம்பக்கரின் மேல் ஒலி மங்கி, போர்வை போர்த்தியது போலக் கேட்கும். நெக் சேரும் இடம் இந்த மாடலில் பலவீனம். இடது கையால் கொஞ்சம் தள்ளினாலே சுருதி அசையும். கிடாரைத் தொங்கவிட்டு ஆடிக்கொண்டே வாசிக்கிறவர், கழுத்தைப் பிடித்துத் தூக்கும் பழக்கத்தை விட வேண்டும்.

எங்கே வாங்கலாம், எதைப் பிடுங்கலாம், எதைத் தேவையில்லை என்று விடலாம் என்பதைத் தன் தோளையும் கையையும் வைத்துத் தீர்மானித்தவர் ஜெட். அந்த ஒலியில் லகுனாவின் பங்கு இருக்கிறது. ஆனால் லகுனா வருவதற்கு முன்பே இந்தக் கிடார் ஜெட்டிடம் இருந்தது.

கம்பிமீட்டி:
இன்னொரு பக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள். லகுனா இல்லாமலேயே, 1979-ல், ஜெர்ம்ஸ் குழுவின் ஒரே ஸ்டூடியோ ஆல்பத்தைத் தயாரித்தவர் ஜெட். 1993-ல் பிகினி கில் குழுவின் சிங்கிளைத் தயாரித்து அதில் வாசிக்கவும் செய்தார். அதே ஆண்டு சியாட்டிலில் தி கிட்ஸ் குழுவின் பாடகி மியா ஸபாட்டா கொல்லப்பட்டார். எஞ்சிய மூவரோடு சேர்ந்து 'ஈவில் ஸ்டிக்' என்ற பெயரில் மேடையேறி, 1995-ல் ஆல்பமும் வெளியிட்டுப் புலனாய்வுச் செலவுக்குப் பணம் திரட்டினார். பிளாக்ஹார்டில் பின்னாளில் டாலிராட்ஸ், கேர்ல் இன் எ கோமா போன்ற குழுக்களுக்கும் இடம் கிடைத்தது. 2015-ல் ராக் அண்ட் ரோல் புகழ்க்கூடத்தில் சேர்த்தபோது அவர் ஒருவரை மட்டும் சேர்க்கவில்லை, பிளாக்ஹார்ட்ஸ் குழுவையும் சேர்த்தே சேர்த்தார்கள். தனியொருவர் சாதனை என்று நானும் சொல்லவில்லை, பழையதட்டு.

பழையதட்டு:
ஜெர்ம்ஸ் ஆல்பத்தை விட்டுவிட்டது என் தவறுதான். லகுனா இல்லாமலும் ஸ்டூடியோவில் அவருக்கு வழி தெரியும் என்பதற்கு அது ஒன்றே போதும். ஆனாலும் பட்டியலில் 'சுயாதீனக் கலைஞர்' என்று எழுத என் கை வராது. 'தன் பதிவுகளின் உரிமையாளர், 1980 முதல் சொந்த லேபிள், 1981-ல் தொடங்கிப் பல வருடம் வேறு கம்பெனிகள் வழியாக விநியோகம்' என்று எழுதுவேன். நீளமாக இருந்தாலும் பொய் இருக்காது.

கம்பிமீட்டி:
அந்த வரியில் '23 கம்பெனிகள் மறுத்த பின்' என்பதையும் சேர்த்தால் நானே கையெழுத்துப் போடுகிறேன்.

கீழ்வீச்சு:
ஈயப்பற்று அண்ணை, பழைய ஹம்பக்கர் ஒண்டில ஆம்பைக் கூட்டினவுடன கீச்செண்டு விசில் வருது, கம்பியை அடக்கினாலும் நிக்குதில்லை. இது பள்ளத்தின்ர பிழையோ?

ஈயப்பற்று:
பள்ளத்தில் பிழை இல்லை. கம்பியை அடக்கியும் நிற்காத விசில் என்றால் பிக்கப்பின் காயிலுக்குள் சுற்று தளர்ந்து தானே அதிர்கிறது. பாரஃபின் மெழுகு நான்கு பங்கு, தேன்மெழுகு ஒரு பங்கு. நேரடி நெருப்பில் வைக்காமல் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள். சூடு 65 டிகிரி செல்சியஸ் அளவிலேயே நிற்கட்டும். 70-ஐத் தாண்டவிட்டால் கம்பி சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் பாபின் கோணிக்கொள்ளும். பிக்கப்பை முழுக்க அமிழ்த்தி, காற்றுக் குமிழ் வருவது நிற்கும்வரை கால் மணி முதல் இருபது நிமிடம் விடுங்கள். எடுத்த உடனே மேலிருக்கும் மெழுகைத் துணியால் துடைத்துவிடுங்கள், ஆறிவிட்டால் சுரண்ட வேண்டி வரும், சுரண்டினால் கம்பி அறுந்துவிடும். திருப்பி மாட்டும் முன் மீட்டரில் காயிலின் ஓம் அளவைப் பாருங்கள். முக்குவதற்கு முன் இருந்த அளவே இருந்தால் பயமில்லாமல் மாட்டலாம்.