நான்ஸ்டிக் வேண்டாம், மீன் குழம்புக்கு எந்தச் சட்டி?

தண்டையார்பேட்டைவாசி:
கடாயின் கறுப்புப் பூச்சு செதில் செதிலாக உரிந்து, போன வாரம் வஞ்சிரத் துண்டோடு ஒட்டிக்கொண்டு தட்டுக்கே வந்துவிட்டது. வாரம் இரண்டு நாள் காசிமேட்டு மீன், புளிக் குழம்புதான். அலுமினியம் கூடாது என்கிறார் மாமியார். கல்சட்டி வாங்கலாமா? வண்ணாரப்பேட்டையில் பார்த்தேன், என்ன கனம்!

ராயபுரம் அக்கா:
மாமியார் சொல்வது சரிம்மா, புளி அலுமினியத்தை அரிக்கும். கல்சட்டி மாக்கல்லில் குடைந்தது, புளிக்கு அசையாது. ஆனால் வாங்கியதும் அடுப்பில் ஏற்றிவிடாதே, என் முதல் சட்டி அப்படித்தான் இரண்டாம் நாளே 'டக்'கென்று விரிசல் விட்டது. விளக்கெண்ணெயும் மஞ்சளும் தடவி ஊறவிட்டு, ஒரு வாரம் தினமும் சூடான வடிகஞ்சி ஊற்றி வை, அப்புறம் சிறு தீயில் பழக்கு. குழம்பு முக்கால் பதத்தில் இருக்கும்போதே அடுப்பை அணைத்துவிடு, இறக்கிய பிறகும் தளதளவென்று கொதித்துக்கொண்டே இருக்கும்.

பெரம்பூர்க்காரன்:
'கிரானைட் கடாய்' என்று விற்பதை நம்பி ஏமாறாதீங்க, பெரும்பாலும் அலுமினியத்தின் மேல் புள்ளி போட்ட நான்ஸ்டிக் பூச்சுதான், கல்லே கிடையாது. வழக்கமான டெஃப்லான் பூச்சு 260 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் சிதைய ஆரம்பிக்கும், காலிக் கடாயைத் தீயில் மறந்தால் அந்தச் சூடு சீக்கிரமே வந்துவிடும். மீன் வறுக்க இரும்புக்கல் போதும்.

தண்டையார்பேட்டைவாசி:
மண்சட்டி?

ராயபுரம் அக்கா:
மீனுக்கு அதுதான் ருசி. பளபளவென்று மெருகு பூசியதை மட்டும் வாங்காதே, சிலவற்றில் காரீயம் இருக்கும். சோப்பும் போடாதே, மண் உறிஞ்சிக்கொள்ளும். தேங்காய் நாரும் வெந்நீரும் போதும். கல்சட்டி வாங்கினால் வத்தக்குழம்புக்கு வைத்துக்கொள்.