டெக்சஸ் மெடிக்கல் ஸ்கூல் விண்ணப்பத்தில் மகளை "நான்-ரெசிடென்ட்" (வெளி மாநிலத்தவர்) என்று காட்டுகிறது, என்ன செய்வது?

ஃப்ரிஸ்கோ அப்பா
வணக்கம். நாங்கள் நியூஜெர்சியில் இருந்தோம். வேலை மாறி 2025 ஜனவரியில் டல்லாஸ் பக்கம் ஃப்ரிஸ்கோவுக்குக் குடும்பத்தோடு வந்துவிட்டோம். வாடகை வீடு. எல்லோருக்கும் கிரீன் கார்டு இருக்கிறது. மகள் மட்டும் நியூஜெர்சியிலேயே கல்லூரிப் படிப்பை முடிக்கிறாள். 2027-இல் சேருவதற்கு இப்போது டிஎம்டிஎஸ்ஏஎஸ்-இல் (டெக்சஸ் மெடிக்கல் ஸ்கூல்களுக்கான பொது விண்ணப்பத் தளம்) விண்ணப்பம் நிரப்புகிறாள். ரெசிடென்சி பகுதியை முடித்ததும் "நான்-ரெசிடென்ட்" என்று வந்து நிற்கிறது. ரெசிடென்ட் ஆக 12 மாதம் இருக்க வேண்டும் என்பார்கள், நாங்கள் வந்து அது தாண்டிவிட்டதே? இன்னும் சப்மிட் செய்யவில்லை.

கேட்டி_குமார்
அவளிடம் நியூஜெர்சி லைசென்ஸ் இருக்கும், அதுதான் காரணம். லீவில் வரும்போது டெக்சஸ் லைசென்ஸ் எடுக்கச் சொல்லுங்கள், சரியாகிவிடும்.

மெட்ஸ்கூல் அம்மா
குமார் தம்பி, லைசென்ஸ் எடுத்தால் மட்டும் ஒன்றும் ஆகாது. லைசென்ஸ், கரன்ட் பில், வாடகை ஒப்பந்தம் எல்லாம் துணை ஆவணங்கள்தான். டெக்சஸ் முதலில் பார்ப்பது டொமிசைல், அதாவது நிரந்தர வீடு இங்கேதானா என்பதை. மகள் டிபெண்டன்ட் (வரிக் கணக்கில் பெற்றோரைச் சார்ந்திருப்பவள்) என்றால் அவள் எங்கே படிக்கிறாள் என்பதல்ல கணக்கு, பெற்றோரின் டொமிசைல் எங்கே என்பதுதான்.

ஃப்ரிஸ்கோ சார், இரண்டு விஷயம் சொல்லுங்கள். ஒன்று, அவள் தனியாக டாக்ஸ் ஃபைல் செய்கிறாளா? இரண்டு, பெற்றோர் டெக்சஸில் இருப்பதன் முக்கிய நோக்கம் என்ன என்று ஒரு கேள்வி வருமே, அதில் எதைத் தேர்ந்தெடுத்தாள்?

ஃப்ரிஸ்கோ அப்பா
ஆமாம் மேடம், கல்லூரி லேபில் பகுதிநேர வேலை, டபிள்யூ-2 (ஆண்டுச் சம்பளப் படிவம்) வருகிறது. அவளே ஃபைல் செய்வாள். "இன்டிபென்டன்ட் டாக்ஸ்பேயராக ஃபைல் செய்கிறீர்களா" என்பதற்கு "ஆம்" போட்டிருக்கிறாள். நோக்கத்துக்கு "வொர்க் அசைன்மென்ட்". வேலைக்காகத்தானே வந்தோம்!

மெட்ஸ்கூல் அம்மா
இரண்டிலும் சிக்கல் இருக்கிறது. தனியாக 1040 (ஃபெடரல் வருமான வரிப் படிவம்) ஃபைல் செய்தாலே இன்டிபென்டன்ட் ஆகிவிடமாட்டாள். உங்கள் வரி ரிட்டர்னில் அவளை டிபெண்டன்ட் என்று கிளெய்ம் செய்கிறீர்களா, அல்லது கிளெய்ம் செய்யத் தகுதி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அவள் ஃபைல் செய்யும்போது "வேறொருவர் என்னை டிபெண்டன்டாகக் கிளெய்ம் செய்யலாம்" என்ற கட்டத்தில் டிக் போட்டிருந்தால் அவள் டிபெண்டன்ட்தான். "ஆம்" போட்டதால் அந்தப் படிவம் அவளைத் தனி ஆளாக எடுத்துக்கொண்டது. தனி ஆளாக அவள் டெக்சஸில் ஒருநாள்கூட வாழவில்லையே.

"வொர்க் அசைன்மென்ட்" என்றால் தற்காலிகமாக அனுப்பப்பட்டவர் என்று பொருளாகிவிடும். கம்பெனி ஒரு புராஜெக்டுக்கு அனுப்பி, முடிந்ததும் திரும்பிப் போகிறவர்களுக்கு அது. இங்கேயே இருந்துவிடும் எண்ணத்தில் வந்திருந்தால் "வீடு அமைத்து வாழ" என்பதுதான் சரியான பதில். அது உண்மையாக இருக்க வேண்டும், அது உங்களுக்குத்தான் தெரியும்.

ஃப்ரிஸ்கோ அப்பா
நிரந்தரமாகத்தான் வந்தோம். பையனும் இங்கே பள்ளியில் படிக்கிறான். மகளை ஒவ்வொரு வருடமும் என் ரிட்டர்னில் கிளெய்ம் செய்கிறேன். ஆனால் வீடு வாங்கவில்லையே, பரவாயில்லையா?

மெட்ஸ்கூல் அம்மா
வீடு ஒரு ஆதாரம்தான், அது மட்டுமே வழி இல்லை. 12 மாதத்துக்கும் மேலாக இங்கே வேலை பார்க்கிறீர்கள் என்ற கடிதத்தைக் கம்பெனியிடம் வாங்கிக்கொள்ளுங்கள். மற்ற மாநிலங்களில் மாநில வருமான வரி ரிட்டர்னைக் காட்டிவிடலாம். டெக்சஸில் அந்த வரியே இல்லை. அதனால் கடிதம், பே ஸ்டப் (சம்பளச் சீட்டு), வாடகை ஒப்பந்தம், உங்கள் ஃபெடரல் ரிட்டர்ன் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள்.

இதற்காக மெனக்கெடுவது வீண் அல்ல. சட்டப்படி அரசு மெடிக்கல் ஸ்கூல்களில் வெளி மாநிலத்தவருக்குப் பொதுவாக 10 சதவீத இடம்தான். கட்டணத்தில் சட்டம் சொல்லும் அடிப்படைத் தொகையே உள்ளூர் மாணவருக்கு ஆண்டுக்கு 6,550 டாலர், வெளியாருக்கு 19,650. மற்ற கட்டணங்கள் அதற்கு மேல். 2026 ஜூலை முதல் புதிதாகக் கடன் வாங்குகிறவர்களுக்கு கிராட் பிளஸ் என்ற ஃபெடரல் மேற்படிப்புக் கடனும் கிடையாது. ஃபெடரல் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர் வரைதான். ஆனால் கட்டணத்தைவிட அந்த 10 சதவீதம்தான் எனக்குப் பயம்.

டெலவேர் ராஜி
ஒன்றை விட்டுவிட்டீர்கள். மகள் நியூஜெர்சியில் எந்தக் கட்டணம் கட்டுகிறாள்? அரசுக் கல்லூரியாக இருந்து அங்கே இன்-ஸ்டேட் (உள்மாநில மாணவர்) கட்டணம் கட்டிக்கொண்டே இங்கே டெக்சஸ்காரி என்று சொன்னால் இடிக்கும். ஒரே நேரத்தில் இரண்டு டொமிசைல் இருக்க முடியாது.

ஃப்ரிஸ்கோ அப்பா
நல்லவேளை, தனியார் கல்லூரி.

எச்4_அப்பா
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். என் பையன் எச்-4 (எச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்துக்கான விசா). நாங்கள் ஆஸ்டினில் ஐந்து வருடமாக இருக்கிறோம். அவனுக்கும் இது பொருந்துமா?

மெட்ஸ்கூல் அம்மா
எச்-1பி, எச்-4-இல் இருப்பவர்கள் டெக்சஸில் டொமிசைல் கோரலாம். 21 வயதானதும் எச்-4 போய் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறினால் கதை வேறு, எஃப்-1-இல் அது முடியாது. கிரீன் கார்டுக்கான ஐ-485 விண்ணப்பம் போட்டு ரசீது வந்திருந்தால் நிலைமை மேல். ஆனால் ரெசிடென்ட் ஆவது வேறு, ஸ்கூல் விண்ணப்பத்தை ஏற்பது வேறு. குடிமகன் அல்லது கிரீன் கார்டு இருந்தால்தான் என்று சொல்லும் மெடிக்கல் ஸ்கூல்கள் நிறைய. ஒவ்வொரு ஸ்கூலையும் தனியாகப் பாருங்கள் தம்பி.

ஃப்ரிஸ்கோ அப்பா
இரண்டு பதில்களையும் திருத்தினோம். கூடவே என் வேலை, வாடகை பற்றிய கேள்விகள் புதிதாகத் திறந்தன, நிரப்பிவிட்டோம். இப்போது "டெக்சஸ் ரெசிடென்ட்" என்று காட்டுகிறது. கடிதம் கேட்டு எச்.ஆருக்கு மெயில் போட்டுவிட்டேன். நன்றி மேடம். குமார் தம்பி, லைசென்ஸையும் லீவில் மாற்றிவிடுகிறோம்!