அட்டவணைக்குள் வரும் மேற்கோள் எண்களை எப்படிச் சரிசெய்வது?

வணக்கம் நண்பர்களே. மருத்துவ இதழ் ஒன்றுக்கு அனுப்பிய கட்டுரை, மதிப்பாய்வுக்குப் போகும் முன்பே திரும்பி வந்துவிட்டது. காரணம் ஆய்வு அல்ல, மேற்கோள் பட்டியல். உரையில் வரும் வரிசைப்படி மேற்கோள்களுக்கு எண் தரும் வான்கூவர் முறையில் கேட்கிறார்கள். என்னிடம் 42 மேற்கோள்கள், எல்லாம் மேற்கோள்களைச் சேமித்துத் தானே எண்ணிடும் ஸோட்டெரோ மென்பொருளில் இருக்கின்றன.

சின்னப் பிழைகளைத் திருத்திவிட்டேன். ஆறு பேருக்கு மேல் எழுதியிருந்தால் முதல் ஆறு பெயர், அப்புறம் ‘எட் ஆல்’ (‘மற்றும் பிறர்’). இதழ்ப் பெயர், மருத்துவக் கட்டுரைத் தரவுத்தளமான பப்மெட்டில் உள்ள சுருக்கப்படி. பக்க எண்களில் 284-287 என்பதை 284-7 ஆக்கியாயிற்று.

சிக்கல் அட்டவணையில்தான். 2ஆம் அட்டவணையில் மட்டும் வரும் ஐந்து கட்டுரைகளுக்கு, அந்த அட்டவணையை உரையில் முதலில் சுட்டும் இடத்தை வைத்து எண் தர வேண்டும். ஆனால் அட்டவணைகளைத் தனிக் கோப்பாகக் கேட்கிறார்கள். அங்கே எண் மறுபடி 1லிருந்து தொடங்குகிறது! கையால் மாற்றினாலோ, உரையில் ஒரு மேற்கோள் கூடினாலே எல்லாம் குலைந்துவிடும். நேற்று இரவு அதுதான் நடந்தது, 17 வர வேண்டிய இடத்திலிருந்து எல்லாமே ஒன்று தள்ளிப் போயின.

எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்து முடித்து, நகல் ஒன்றில் ஸோட்டெரோ இணைப்பைத் துண்டித்துவிட்டு (எண்கள் மாறாத வெறும் எழுத்தாகிவிடும்) அட்டவணையை வெட்டி எடுக்கலாமா? வேறு நல்ல வழி உண்டா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் திருப்பி அனுப்ப வேண்டும்.