சலூன் டிவியில் ஓடிய குதிரை: உங்களுக்கும் இப்படி நடந்ததா?

கெடிலக்கரை, கடலூர்

மஞ்சக்குப்பத்தில் நான் வழக்கமாகப் போகும் சலூன். ஞாயிற்றுக்கிழமை, எனக்கு முன்னால் நான்கு பேர். சுவர் டிவியில் யூடியூப் பழைய பாட்டு ஒன்றை முடித்துவிட்டு, தானாகவே அடுத்ததை எடுத்துப் போட்டது. 1973-இல் அமெரிக்காவில் நடந்த பெல்மான்ட் குதிரைப் பந்தயம், செக்ரட்டேரியட் என்ற குதிரை ஓடியது. பார்த்தவர்களுக்கு இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை.

மாற்றுவதற்காக ரிமோட்டை எடுத்த கடைப்பையன் அப்படியே நின்றுவிட்டான். முதலில் இரண்டு குதிரைகள் ஒட்டிக்கொண்டு ஓடுகின்றன. பாதி தூரத்தில் ஒன்று ஓய்ந்துவிடுகிறது. மற்றது போகிறது, போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது. பின்னால் வருபவற்றையும் காட்ட வேண்டுமே என்று கேமரா படத்தை அகலமாக்கிக்கொண்டே வருகிறது. அப்படியும் இடம் போதவில்லை.

நாற்காலியில் இருந்தவரின் கன்னத்தில் கத்தி நின்றுவிட்டது. "மற்றக் குதிரைகள் எல்லாம் எங்கே?" என்று அவர் உதட்டை அசைக்காமல் கேட்டார். அசைத்தால் வெட்டிவிடும்.

31 நீள வித்தியாசத்தில் வெற்றி. ஒரு குதிரை நீளம் சுமார் எட்டடி என்றால், ஏழு பஸ்களை வரிசையாக நிறுத்திய தூரம். ஒன்றரை மைலை 2 நிமிடம் 24 வினாடியில் ஓடியது. பெயரைச் சொன்னதும், "செக்ரட்டேரியட்டா? அங்கே கோப்பு கூட இவ்வளவு வேகமாக நகர்ந்ததில்லையே" என்றார் காத்திருந்த ஓய்வுபெற்ற குமாஸ்தா. கடையே சிரித்தது.

என்னை உறுத்துவது அது அல்ல, அடுத்த ஞாயிறு. அவர்களே கேட்டார்கள் என்று நம் நாட்டு மைதானம் ஒன்றின் நேரலையைப் போடச் சொன்னேன். திரையில் பாதி, பணம் கட்டுபவர்களுக்கான எண்கள். ஒரு ஓட்டத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே அரை மணி நேரம், இரண்டு பேர் கோட்டு அணிந்து ஆங்கிலத்தில் காகிதம் புரட்டினார்கள். ஓட்டம் வந்தது, ஒன்றேகால் நிமிடத்தில் முடிந்தது. எது எந்தக் குதிரை என்று யாருக்கும் தெரியவில்லை. போன வாரம் வாயசைக்காமல் கேட்டாரே, அவரேதான் சொன்னார்: "தம்பி, பாட்டையே போடப்பா."

அதே டிவி, அதே ஆட்கள், அதே பிராணி. எங்கே கோட்டைவிட்டார்கள்? உங்களுக்கு எந்த இடத்தில் ஒட்டியது, எந்த இடத்தில் அறுந்தது என்று எழுதுங்கள்.


சொல்தா வீட்டுப் பேரன், புதுச்சேரி

எங்கள் தாத்தா சொல்தா. புதுச்சேரிக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். கடலூர்க்காரர்களுக்காக: பிரெஞ்சுப் படையில் இருந்துவிட்டு வந்து பிரெஞ்சு ஓய்வூதியம் வாங்கியவர். ஞாயிறு பூசை முடிந்தால் அவருக்குத் 'தியர்சே' நினைவு வந்துவிடும். முதல் மூன்று குதிரைகளைக் கணித்துச் சொல்லும் பந்தயம் அது. 1954-இல் பிரான்ஸில் தொடங்கியது. இங்கிருந்து பணம் கட்ட வழியில்லை. ஆனாலும் பென்சிலால் மூன்று எண்களை எழுதிக் காலண்டருக்குப் பின்னால் செருகிவைப்பார்.

பாரிஸ் அத்தை வருடத்துக்கு ஒருமுறை வீடியோ கேசட் அனுப்புவார். அங்கே கலர் முறை வேறு என்பதால் எங்கள் டிவியில் கறுப்பு வெள்ளையாகத்தான் ஓடும். ஜாக்கிகளின் சட்டை நிறம் எல்லாம் போய்விடும். தாத்தாவுக்கு அது பொருட்டே இல்லை. தெருவையே கூப்பிட்டு உட்காரவைப்பார். பாட்டி எல்லாருக்கும் காப்பி போட்டுச் சலித்துப்போவார்.

அந்த முறை வந்தது 'ப்ரீ தமேரிக்' என்ற பந்தயம். ஜனவரி கடைசி ஞாயிறு வென்சேன் மைதானத்தில் நடப்பது. முதுகில் ஏறிப் போவதில்லை. இரண்டு சக்கர வண்டியில் உட்கார்ந்து ஓட்டுவார்கள். குதிரை துள்ளுநடையில் மட்டுமே போக வேண்டும். நாலுகால் பாய்ச்சலுக்கு மாறி, அந்தத் துள்ளுநடைக்குத் திரும்பாவிட்டால் தகுதி போய்விடும். தாத்தா இதை யாருக்கும் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தது உலகத்துக்கே தெரியும் என்பது அவர் எண்ணம்.

கடைசித் திருப்பம். முன்னால் போன குதிரை திடீரென்று பாய்ந்தது. கூடம் முழுக்கக் கைதட்டல்! "அப்படி ஓடு!" என்று பக்கத்து வீட்டு மாமா எழுந்தே நின்றுவிட்டார். தாத்தா இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கைதட்டலும் அந்தத் தலையும் இன்னும் எனக்குள் ஒன்றாகவே இருக்கின்றன.

"ஓடக் கூடாது. அதுதான் பந்தயமே" என்றார், டிவியை அணைத்தபின். யாருக்கும் புரியவில்லை. அதற்குப் பிறகு தெருவும் வரவில்லை. அவர் கூப்பிடவும் இல்லை.


பலாச்சுளை, பண்ருட்டி

எங்கே கோட்டைவிட்டார்கள் என்று கேட்கிறீர்கள். விட்டதே நல்லது என்று நினைக்கிறவன் நான்.

என் அப்பா சனிக்கிழமை தோறும் சென்னை கிண்டி ரேஸுக்குப் போவார். திரும்பி வரும் பஸ் காசை மட்டும் வேட்டி முனையில் முடிந்துவைப்பார். எது போனாலும் அந்த முடிச்சை அவிழ்ப்பதில்லை என்பது அவருக்கு அவரே போட்டுக்கொண்ட சட்டம். எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். ஒருநாள் விடிகாலை கதவு தட்டும் சத்தம். அப்பா நிற்கிறார். உடம்பெல்லாம் பலாப்பழ வாசனை. சென்னைக்குச் சரக்கு இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய லாரியில் ஏறி வந்திருக்கிறார். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. அவர் தூங்கியதும் வேட்டி முனையை எடுத்துப் பார்த்தார். அவிழ்ந்திருந்தது.

1974-இல் தமிழ்நாட்டு அரசு குதிரைப் பந்தயத்தைத் தடுக்கப் பார்த்தது. 1996-இல் உச்ச நீதிமன்றம் இது திறமைக்கான விளையாட்டு, சூதாட்டம் அல்ல என்று சொல்லிவிட்டது. தீர்ப்பைப் படித்திருக்கிறேன், அதில் தர்க்கம் இருக்கிறது. என் அம்மா பார்த்த முடிச்சிலும் ஒரு தர்க்கம் இருக்கிறது. புது ரசிகர்களைச் சேர்ப்பது என்றால் புது வேட்டிமுனைகளைச் சேர்ப்பது என்றுதான் எனக்குக் கேட்கிறது.


வில்லியனூர் கேமரா

பலாச்சுளை அண்ணா, உங்கள் வலி புரிகிறது. ஆனால் தலைப்பு டிவியைப் பற்றியது, வேட்டியைப் பற்றியது அல்ல.

என் அனுபவம் சின்னது. நான் கல்யாண வீடியோ எடுப்பவன். மாப்பிள்ளை அழைப்பில் குதிரை. டிரோனைக் கொஞ்சம் தாழ்த்தினேன். குதிரை மிரண்டு, மாப்பிள்ளை பந்தல் கயிற்றில் தொங்கினார். ஆல்பத்தில் அந்தப் படம் இல்லை, என்னிடம் இருக்கிறது. அவ்வளவுதான்.

இப்போது தொழில் தெரிந்தவனாகச் சில வார்த்தை. குதிரைப் பந்தயத்தை டிவியில் காட்டுபவர்கள் செய்யும் பெரிய தவறு, பந்தயத்தைக் காட்டுவது. அது ஒன்றிரண்டு நிமிடம். மீதி நேரத்தில் என்ன காட்டுகிறீர்கள் என்பதுதான் கேள்வி. பொங்கலுக்கு ஜல்லிக்கட்டு பார்க்காத வீடு உண்டா? வாடிவாசலில் மாடு நிற்பது எத்தனை வினாடி? அதற்குள் மைக்கில் என்னவெல்லாம் வந்துவிடுகிறது! யார் மாடு, எந்த ஊர், போன வருடம் யாரைத் தூக்கி எறிந்தது, பிடித்தால் கட்டிலா, பீரோவா, தங்கக் காசா. கடலூரில் உட்கார்ந்திருக்கும் கிழவிக்கு அலங்காநல்லூர் மாட்டின் குணம் தெரிகிறது. ஒரு பைசா பந்தயம் கட்டாமல் நகம் கடிக்கிறாள். இதில் இருக்கிறது பாடம். சென்னையில் 1777 முதல் இருக்கும் விளையாட்டுக்குத் தமிழில் ஒரு நல்ல வர்ணனையாளர் பெயரை உங்களால் சொல்ல முடியுமா? 2014-இல் வந்த புரோ கபடிக்கு உடனே சொல்வீர்கள்.

அடுத்தது ஆள். குதிரை பேசாது, பேசுபவரைக் காட்ட வேண்டும். 2015 மெல்போர்ன் கோப்பை: மிஷெல் பெய்ன் என்ற பெண், நூற்றுக்கு ஒன்று என்று ஒதுக்கப்பட்ட பிரின்ஸ் ஆஃப் பென்சான்ஸ் மீது ஏறி வென்றார். 1861 முதல் நடக்கும் அந்தப் போட்டியில் வென்ற முதல் பெண் ஜாக்கி. குதிரையைக் கவனித்துக்கொண்டவர்களில் ஒருவர் டவுன் சிண்ட்ரோம் உள்ள அவருடைய அண்ணன் ஸ்டீவி. புறப்படும் கதவு எண்ணைக் குலுக்கலில் எடுத்தவரும் அவரே. ஒன்றாம் எண்! அண்ணனையும் தங்கையையும் முதலில் பத்து நிமிடம் காட்டுங்கள், பிறகு ஓட்டத்தைப் போடுங்கள். எங்கள் தெருவில் யார் சேனலை மாற்றுகிறார்கள் என்று பார்க்கிறேன்.

மூன்றாவது, புரியவைப்பது. சொல்தா வீட்டுத் தம்பி எழுதியதே சாட்சி. ஒரு வரி விதி சொல்லியிருந்தால் அந்தத் தெரு மறுவாரம் வந்திருக்கும். எடை ஏன் சமப்படுத்துகிறார்கள், கண்பட்டை எதற்கு, லாயத்தில் விடிகாலை என்ன நடக்கிறது, இதெல்லாம் சொல்ல விஷயமா இல்லை? ஓட்ட முடிவுப் புகைப்படம் ஒன்று போதும், நான் ஒரு மணி நேரம் பேசுவேன். அது ஒரு நொடியின் படம் அல்ல. முடிவுக்கோட்டை மட்டும் ஒரு மெல்லிய கீற்றாகத் தொடர்ந்து எடுத்து ஒட்டியது. அதில் இடதும் வலதும் இடம் அல்ல, நேரம். அதனால்தான் குதிரைக் கால்கள் சில சமயம் வளைந்து தெரிகின்றன. நான் கேமராவைத் தொட்டுப் பதினெட்டு வருடம், இதைத் தெரிந்துகொண்ட அன்று தூங்கவில்லை.

எண்களை மூலையில் சின்னதாகப் போடுங்கள். டிரோனைத் தாழ்த்தாதீர்கள்.


பலாச்சுளை, பண்ருட்டி

ஜல்லிக்கட்டுக் காளையின் தீவனம் பந்தயப் பணத்திலிருந்து வருவதில்லை, தம்பி. குதிரைப் பந்தயத்தில் பரிசுத் தொகைக்கே ஆதாரம் அதுதான். மூலையில் சின்னதாகப் போட்டால் எண் மறைந்துவிடுமா?


மணிக்கூண்டு

இருவருக்கும் ஒன்று. 2008-இல் அமெரிக்காவின் கென்டக்கி டெர்பி பந்தயத்தில் எய்ட் பெல்ஸ் என்ற பெண் குதிரை இரண்டாவதாக வந்தது. கோட்டைத் தாண்டிய சற்று நேரத்தில் இரண்டு முன்னங்கால்களும் முறிந்து விழுந்தது. ஓடுதளத்திலேயே கருணைக்கொலை செய்தார்கள். நான் அதற்குப் பிறகு பார்ப்பதில்லை. புது ரசிகர்களுக்கு இதையும் பத்து நிமிடத்தில் சொல்வீர்களா?


பவழமல்லி, லாஸ்பேட்டை

நான் பந்தயத்துக்கு வந்த வழி உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். உமா முசுமே என்று ஒரு ஜப்பானிய கைப்பேசி விளையாட்டு. நிஜப் பந்தயக் குதிரைகளின் பெயரில் பெண்கள் ஓடுவார்கள். அதில்தான் ஹரு உராராவைத் தெரிந்துகொண்டேன். நிஜத்தில் அது ஜப்பானின் கோச்சி நகரத்துச் சிறிய மைதானத்தில் ஓடிய குதிரை. 113 ஓட்டம், ஒரு வெற்றி கூட இல்லை. ஜப்பானே அதன் பின்னால் நின்றது. 2004-இல் நாட்டின் பெரிய ஜாக்கி யுதாகா தாகே வந்து அதன்மேல் ஏறினார். அன்றும் தோற்றது. அதன் பெயரில் வாங்கிய டிக்கெட் எதிலும் 'அடிக்காது' என்பதால், வண்டி இடிக்காமல் இருக்கக் காப்புப் போல வைத்துக்கொண்டார்களாம்.

அரையாண்டு விடுமுறைக்குக் கடலூர் ஆயாவிடம் போனபோது பழைய காட்சியை டிவியில் போட்டுக் காட்டினேன். ஆயாவுக்கு விளையாட்டு என்றாலே சண்டை. முழுதாகப் பார்த்தார். கடைசியில் கேட்டார்: "இவ்வளவு தோற்றதே, அதற்கும் மற்றதைப் போலத் தினம் கொள்ளு வைத்தார்களா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று இரவு முழுக்கத் தேடினேன். ஓய்வுக்குப் பிறகு ஒரு பண்ணையில் பல வருடம் பார்த்துக்கொண்டார்கள் என்று கண்டுபிடித்ததும் ஆயாவை எழுப்பிச் சொன்னேன். 2025 செப்டம்பரில் அது இறந்த செய்தி வந்தது. இன்னும் ஆயாவிடம் சொல்லவில்லை.

மணிக்கூண்டு ஐயா, உங்கள் கேள்வியும் ஆயா கேட்டதும் ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.


கெடிலக்கரை, கடலூர்

போன ஞாயிறு ஹரு உராராவைச் சலூனில் போட்டேன். குமாஸ்தா ஐயா முடிவெட்டி முடித்தும் எழுந்திருக்கவில்லை, அடுத்தவர் சத்தம் போட்டார். பலாச்சுளை ஐயாவுக்கு ஒரு தகவல்: 1973-இல் அந்த ஓட்டத்தில் செக்ரட்டேரியட் மீது பணம் கட்டி ஜெயித்தவர்களின் டிக்கெட்டுகளில் 5,617 பணமாக்கப்படவே இல்லை. நினைவாக வைத்துக்கொண்டார்கள்.


பலாச்சுளை, பண்ருட்டி

அந்த 5,617 என்னைக் கொஞ்சம் தொந்தரவு செய்தது. அப்பாவுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. கிண்டிப் பக்கம் போய் முப்பது வருடம் இருக்கும். நேற்று மாலை திண்ணையில் உட்காரவைத்து, அந்த 1973 ஓட்டத்தைக் கைப்பேசியில் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து இரண்டு முறை பார்த்தார். டிக்கெட்டை மாற்றாமல் வைத்துக்கொண்டவர்களைப் பற்றியும் சொன்னேன்.

"என்ன கொடுத்தது?" என்றார்.

தேடிப் பார்த்துச் சொன்னேன். இரண்டு டாலர் டிக்கெட்டுக்கு இரண்டு டாலர் இருபது சென்ட்.

"அதற்கு நானும் மாற்றியிருக்க மாட்டேன்" என்றார்.