புதுப்பிப்பு: உயர் கணவாய்ப் பயணத் திட்டத்தில் சில திருத்தங்கள்

முந்தைய பதிவில் இந்த வண்டிப் பயணத்தை 'ஒரு நாளைக்கு இத்தனை கிலோமீட்டர்' என்று பிரித்திருந்தேன். அது தவறான கணக்கு. உடல் உயரத்துக்குப் பழக வேண்டும் என்பதால், இரவு எந்த உயரத்தில் தூங்குகிறோம் என்பதை வைத்துதான் நாளைப் பிரிக்க வேண்டும். 3,000 மீட்டருக்கு மேல், தூங்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். மூன்று, நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னொரு இரவு தங்குங்கள். தலைவலியோடு நடை தள்ளாடினால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம், உடனே கீழே இறங்கிவிடுங்கள்.

உயரத்தில் டயரின் காற்றழுத்தம் என்னவாகும் என்று கேட்டிருந்தீர்கள். கடல் மட்டத்தில் 32 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) அடித்த டயர், 5,000 மீட்டரில் அழுத்தம் காட்டும் கேஜில் 38-ஐத் தாண்டலாம். வெளிக்காற்றின் அழுத்தம் ஏறக்குறைய பாதியாகிவிடுவதே காரணம். குளிரோ பத்து டிகிரி செல்சியஸுக்கு ஏறக்குறைய ஒன்றரை பிஎஸ்ஐ வீதம் டயரின் அழுத்தத்தைக் குறைத்துவிடும். மேலே பதறிப்போய்க் காற்றை இறக்கினால், அடிவாரத்தில் டயர் தொய்ந்திருக்கும்.

எனக்கு அதிகக் கவலை இறக்கத்தில்தான். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற தர வகை ஆயில், புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியதும் அந்த வரம்பு 155 வரை இறங்கலாம். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழிகள் சேரும். பெடல் பஞ்சுபோல அமுங்கித் தரைவரை போகும், வண்டி நிற்காது. இரண்டு வருடம் பழைய ஆயிலைக் கிளம்பும் முன்பே மாற்றிவிடுங்கள். இறக்கம் தொடங்கும் முன்பே இரண்டாம் கியருக்கு வந்துவிடுங்கள். பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்காமல், அழுத்தமாக மிதித்து வேகத்தைக் குறைத்து முழுதாக விடுங்கள். கருகல் வாடை வந்தால் ஓரங்கட்டி ஆறவிடுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், வளைந்துவிடும்.