புதுப்பிப்பு: ஆர் 80-இன் பேட்டரி ஏன் இறங்கியது

போன மாதம் எழுதியிருந்தேனே, பெர்லினில் வாங்கிய 1986 மாடல் பிஎம்டபிள்யூ ஆர் 80 மோட்டார் சைக்கிள், 40 கிலோமீட்டர் போனால் பேட்டரி காலி என்று, அதன் தொடர்ச்சி இது. புது பேட்டரி போடுங்கள் என்று பாதிப் பேர் சொன்னீர்கள், போட்டேன், அதுவும் இறங்கிவிட்டது. (அந்தக் காசு போனது போனதுதான்.)

கோளாறு ஆல்டர்னேட்டர் ரோட்டரில், அதாவது ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் கருவியின் உள்ளே சுழலும் சுருளில். சாவியைத் திருப்பினால் சிவப்பு சார்ஜ் விளக்கு எரியவே இல்லை என்பதை அப்போதே யோசித்திருக்க வேண்டும். அந்த விளக்குக்கான கரண்ட் ரோட்டர் சுருள் வழியாகத்தான் போகிறது, சுருள் அறுந்தால் விளக்கும் எரியாது, சார்ஜும் ஏறாது. நான் என்னவோ பல்பு போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மல்டிமீட்டரை ரோட்டர் சுருளின் இரு முனைகளும் சேரும் இரண்டு செம்பு வளையங்களிலும் வைத்துப் பார்த்தேன், சுமார் 3 ஓம் காட்ட வேண்டியது, ஒன்றுமே காட்டவில்லை.

கழற்றப் போகிறவர்களுக்கு: முன்மூடியைத் தொடுவதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் வயரை எடுத்துவிடுங்கள், உள்ளே டயோடு போர்டில் (ஆல்டர்னேட்டரின் ஏசி கரண்டை பேட்டரிக்காக டிசி ஆக்கும் பலகை) எப்போதும் கரண்ட் இருக்கும், மூடி உரசினால் ஷார்ட் ஆகி போர்டு போய்விடும். ரோட்டரைச் சுத்தியலால் தட்டவே தட்டாதீர்கள். அதற்கென்றே கடினமான ஒரு போல்ட் கிடைக்கிறது, முறுக்கினால் கழன்று வந்துவிடும்.

ரோட்டர் சரியானதும், அப்புறம் வால்வு இடைவெளி, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது இன்டேக் 0.10, எக்ஸாஸ்ட் 0.20 மி.மீ. வைத்தேன், சத்தம் பாதியாகிவிட்டது. சைலன்சர் துரு அப்படியேதான் இருக்கிறது. நேற்று ஸ்பான்டாவ் வரை, இந்த வண்டி பிறந்த ஆலை வாசலுக்கே ஓட்டிப் போய் வந்தேன், வழியில் ஒரு தடவைகூட நிற்கவில்லை. கார்புரேட்டர் அடுத்த வாரம்.