உண்ணிக்கொக்கு இரண்டாகப் பிரிந்த பிறகு எதற்கு எந்தப் பெயர்?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

ஆங்கிலத்தில் 'கேட்டில் எக்ரெட்' எனப்படும் வெள்ளைக் கொக்குக்கு, நம் தமிழ்ப் பறவைப் பெயர்ப் பட்டியலில் 'மாட்டுக்கொக்கு' என்ற நேர் மொழிபெயர்ப்பு வேண்டாம் என்று குழுவில் ஐயா சொன்னதை முழுமனதோடு ஏற்கிறேன். உண்ணிக்கொக்கு என்று நல்ல சொல் நம்மிடம் இருக்கிறது. இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் இதை 'டிக்பேர்ட்' என்றுதான் சொல்கிறார்கள். டிக் என்றால் உண்ணி. அது பெரும்பாலும் தின்பது வெட்டுக்கிளியும் பூச்சியும்தான், உண்ணி கொஞ்சம்தான். இருந்தாலும் மாட்டோடு சேர்த்துப் பார்த்தவர்கள் இரண்டு கரையிலும் ஒரே பறவைக்கு ஒரே பெயர் வைத்திருக்கிறார்கள்.

சிக்கல் அந்த 'ஒரே பறவை'யில்தான். இப்போதைய உலகப் பறவைப் பட்டியல்கள் இதை இரண்டு இனமாகப் பிரித்துவிட்டன. மற்ற நாட்களில் இரண்டும் வெள்ளைதான். இனப்பெருக்கக் காலத்தில் பார்த்தால் தெரியும்: டர்பன் கொக்குக்கு உச்சந்தலை, மார்பு, முதுகு மட்டும் மங்கிய செம்மஞ்சள், கன்னமும் தொண்டையும் வெள்ளையாகவே நிற்கும். தமிழ்நாட்டிலும் பர்மாவிலும் உள்ளதற்குத் தலை, கன்னம், கழுத்து எல்லாமே ஆரஞ்சு.

தமிழ்நாட்டில் உள்ளதற்குக் 'கிழக்கு உண்ணிக்கொக்கு' என்ற பரிந்துரை எனக்கு ஒப்பவில்லை. டர்பனில் இருக்கும் எங்களுக்கு அது கிழக்கு, சரி. ரங்கூன்காரருக்கு? 1783இல் டச்சு இயற்கையியலாளர் போடார்ட் அதன் அறிவியல் பெயரில் வைத்த 'கோரமண்டா' என்ற அடைமொழி கோரமண்டலக் கரையின் பெயர். அந்தப் பெயரே சோழமண்டலத்திலிருந்து வந்தது என்பது பரவலான கருத்து. நம் கரையின் பெயர் லத்தீனில் இருக்க, நாம் ஏன் திசையைத் தேட வேண்டும்? 'சோழமண்டல உண்ணிக்கொக்கு' என்றே வைப்போம். மற்றதற்கு 'ஆப்பிரிக்க உண்ணிக்கொக்கு' போதும். அமெரிக்கக் கண்டங்களுக்கும் அது ஆப்பிரிக்காவிலிருந்து பரவியதுதான். ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் 1758இல் இதற்கு வைத்த 'ஐபிஸ்' என்ற அடைமொழியைத் தமிழுக்குக் கொண்டுவர வேண்டாம். அது அரிவாள் மூக்கன்களின் பெயர், படிப்பவர் குழம்புவார்.

அப்புறம், உண்ணிக்கொக்கின் பேரினமும் (ஜீனஸ்) புபுல்கஸிலிருந்து ஆர்டியாவுக்கு மாறிவிட்டதே, இனி 'நாரை' என்று சொல்ல வேண்டாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். தேவையில்லை. சாம்பல் நாரையும் ஆர்டியா, பெரிய கொக்கும் ஆர்டியா. சின்னக் கொக்கோ எக்ரெட்டா என்ற வேறு பேரினம். கொக்கு, நாரை என்று தமிழர் பிரித்தது பேரினத்தைப் பார்த்து அல்ல. அந்த வழக்கைக் கலைக்க நமக்கு உரிமை இல்லை.

நம் பட்டியலில் இரண்டையும் தனித்தனிப் பதிவாகச் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன். பழைய நூல்களில் தேடுபவருக்காக, வெறும் 'உண்ணிக்கொக்கு' என்ற பதிவும் அப்படியே இருக்கட்டும்.